மாமனார் காதும் சீரியலின் இரண்டாம் பாகமும்

சர்க்கரை போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள், மேடம். இந்தக் கடையில் காது பார்ப்பதும் நான்தான், டீ போடுவதும் நான்தான், சாயங்காலம் ஷட்டரை இறக்குவதும் நான்தான். இதில் முதல் வேலையில் மட்டும்தான் உங்களுக்குக் குறை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நீங்களும் காதுக் கருவி பொருத்துகிறவர்; உங்களிடம் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. கருவியைக் கணினியில் இணைத்தால் அதன் வண்டவாளம் முழுக்கத் திரையில் வந்து நின்றுவிடும். என் மாமனாரின் கருவியை யாரோ வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறீர்கள். அந்த யாரோ நான்தான். அதில் நமக்குள் தகராறு இல்லை. காரணம்தான் பாக்கி. அதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே சில சமயம் வந்திருக்கிறது.

ஒரு கதையின் முடிவை யாராவது முன்னாலேயே சொல்லிவிட்டால் எனக்கு ஆகாது. காரணம் அவ்வளவுதான்.

எல்லோருக்கும்தான் ஆகாது என்பீர்கள். என்னுடையது கொஞ்சம் முற்றிய கேஸ். புத்தகம் வாங்கினால் பின்னட்டையில் எழுதியிருப்பது கண்ணில் படக்கூடாதென்று கடைக்காரரையே பழைய பேப்பரில் அட்டை போட்டுத் தரச் சொல்வேன். முன்னுரையைக் கடைசியில்தான் படிப்பேன். முன்னுரை எழுதுகிறவர்களை நம்ப முடியாது. சீரியலில் 'அடுத்து வருவது' என்று காட்டும்போது எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, முதுகு வலிக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி என்று நினைத்தாளாம். முக்கியமான எபிசோடு வந்த மறுநாள், பஸ்ஸில் யாராவது அதைப் பற்றிப் பேசித் தொலைப்பார்களோ என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் வருவேன். ஊருக்கெல்லாம் காது கேட்க வைத்துப் பிழைக்கிறவன் காதில் பஞ்சோடு வந்து கடையைத் திறப்பதைப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார், பாவம், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மாமனார், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரப்போகிறது என்பதை அது வருவதற்கு முன்னால் ஊருக்கே சொல்வதுதான் அவர் காலமெல்லாம் பார்த்த உத்தியோகம். உத்தியோகம் முடிந்தது, வாய் ஓயவில்லை. மாமியார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கினார். தங்கமான மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். காய் நறுக்கிக் கொடுப்பார். மகள் எழுந்திருப்பதற்குள் துணியை மடித்து வைத்துவிடுவார். என் சட்டையில் பொத்தான் போயிருந்தால் நான் கவனிப்பதற்குள் தைத்துவிடுவார். காது மட்டும் வேலைக் காலத்திலேயே பழுதாகியிருந்தது. ஒலிபெருக்கி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? நான்தான் கருவி பொருத்தினேன். நன்றாகவே பொருத்தினேன், அதையும் சொல்ல வேண்டும். "என் காதுக்கு என் மாப்பிள்ளைதான் ஜவாப்தாரி" என்று பூங்காவில் அவரோடு நடக்கிறவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

வினை என்னவென்றால், முடிவு தெரிந்துவிட்டால் மனுஷருக்கு நாக்கு அரிக்கும். புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிடுவார். ஒருமுறை நான் ஒரு தடியான நாவலில் பாதிக்கு வந்திருந்தேன். டீயைக் கொண்டுவந்து வைத்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அட, இவன் இன்னுமா உயிரோட இருக்கான்?" என்றார். மிச்சப் பாதியை நான் எப்படிப் படித்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு அந்தச் சீரியல். ஒரு நீதிபதி வீட்டுக் கதை. படகில் போன மூத்த மருமகள் திரும்பி வரவில்லை, அவளை யார் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. நானும் மாமாவும் அதற்கு அடிமை. நான் சாயங்காலம் டிவியில் வரும்போதுதான் பார்ப்பேன். பகல் முழுக்கக் காத்திருந்து பார்ப்பதில்தான் எனக்கு ருசி. அவரோ காலையிலேயே ஆப்பில் வருவதைப் பார்த்து முடித்துவிட்டு, என்னோடும் சாயங்காலம் ஒருமுறை உட்காருவார். மாமா, எதுவும் சொல்லாதீங்க என்று கெஞ்சினேன். "சேச்சே, நான் எதுக்கு சொல்றேன்? நீங்க பாருங்க. ஆனா ஒண்ணு, அந்த சமையக்காரியை ரொம்ப நம்பாதீங்க" என்றார். மனைவியை விட்டுச் சொல்லச் சொன்னேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்தார். அன்றைக்கு யாராவது சாகப்போகிறார்கள் என்றால் அந்த ஆள் திரையில் வரும்போதெல்லாம் உச்சுக் கொட்டினார்.

மருமகளைக் கொன்றது யார் என்று தெரியவரும் நாளுக்காக நான் வருஷக் கணக்கில் காத்திருந்தேன். அன்று வாடிக்கையாளர் ஒருவரைப் பாதியில் அனுப்பிவிட்டுக் கடையை அடைத்தேன். காதில் பஞ்சு. பஸ்ஸில் கண்ணையும் மூடிக்கொண்டேன். வீட்டுப் படியேறி மணியை அடித்ததும் மாமா கதவைத் திறந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மனசே ஆறல மாப்ளே. அந்த நீதிபதியே இப்படி செய்வார்னு யார் நினைச்சா?" என்றார். நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பஞ்சு சரியாக அடைபடவில்லை போலிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

நான் கத்தவில்லை. கத்துகிற சுபாவம் எனக்குக் கிடையாது. சாப்பிட்டேன், படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவருடைய கருவியைச் சுத்தம் செய்யக் கழற்றினேன், மடிக்கணினியில் இணைத்தேன், ஒரே ஒரு படி இறக்கினேன்.

என்ன இறக்கினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொத்தச் சத்தத்தைக் குறைத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். மேல் சுருதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. டிவியை எவ்வளவு ஏற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் உள்ளே போகாதபடி ஒரு வரம்பும் வைத்தேன். இதெல்லாம் நம் தொழிலில் நோயாளியின் வசதிக்காகச் செய்வதுதான். நான் குடும்பத்தின் வசதிக்காகச் செய்தேன். காலையில் சீரியல் புரியவில்லை என்றால் சாயங்காலம் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் கணக்குப் போட்டேன்.

"கொஞ்ச நாளா மந்தமா இருக்கு மாப்ளே" என்று அவரே கடைக்கு வந்தார். அதோ, அந்தச் சத்தம் புகாத அறையில்தான் உட்கார வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் பளிச்சென்று அழுத்தினார். பழைய காது அப்படியே இருந்தது, ஒரு மயிரிழைகூட மோசமாகவில்லை. வெளியே வந்தவரிடம், "கொஞ்சம் இறங்கியிருக்கு மாமா. வயசாகுதில்லையா?" என்றேன். "உங்களுக்குத்தான் எப்பவும் என்னால சிரமம்" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அதன் பிறகு சில மாதங்கள் வீட்டில் நல்ல அமைதி. முதலில் டிவியை அலற வைத்தார். மகள் தலைவலிக்கிறது என்றதும் கூச்சப்பட்டு அணைத்துவிட்டார். அப்புறம் அதன் பக்கமே போகவில்லை. கேட்காதவனுக்குப் பேசுவதும் நின்றுபோகும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எதையாவது கேட்டு, வேறெதற்கோ பதில் சொல்லி, நாலு பேர் சிரிப்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்று தோன்றிவிடும். மாமாவுக்கும் தோன்றிவிட்டது. கடைசிப் பக்கத்தை இப்போதும் முதலில்தான் படித்தார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் நான் படித்த நாவல்களில் ஒன்றுகூட வீணாகவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர், தன் அண்ணன் தவறிவிட்டதை மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம். எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தியிருக்கிறார். விஷயம் பிறகு என் மனைவி மூலமாகத்தான் அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து பூங்காவுக்குப் போவதை விட்டார். சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மனைவி அவருக்கு ஞாபகசக்தி போகிறதோ என்று பயந்தாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். "எங்கப்பா வாய் ஓயாம பேசுவாருங்க. இப்ப என்னைப் பார்த்து சும்மா சிரிக்கிறாரு" என்றாள். வேறு எங்காவது காட்டலாமா என்று கேட்டாள். வீட்டிலேயே ஆளை வைத்துக்கொண்டு வெளியே போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். அவளும் சரி என்றுவிட்டாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவளைக் கவலைப்பட விடக்கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். நீதிபதி ஏன் அப்படிச் செய்தார் என்பது தெரியவந்து சீரியல் முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். தேதிகூட முடிவு செய்துவைத்திருந்தேன். கடைசி எபிசோடு முடிந்து எழுத்துகள் ஓடும்போது, இரண்டாம் பாகம் விரைவில் என்று போட்டான். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆனால் அந்தக் கடைசி எபிசோடு எனக்கு ஒரு புதுச் சங்கடத்தைக் கொண்டுவந்தது. யாரும் எதையும் உடைக்காமல், நான் ஆசைப்பட்டபடியே பார்த்து முடித்தேன். முடித்ததும் அதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. மனைவி அந்தச் சீரியல் பார்ப்பதில்லை. மருந்துக் கடைக்காரர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவர். வீட்டில் ரசிகர் என்று மிச்சமிருந்தது மாமா ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மனைவி தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீதிபதி ஏன் செய்தார் என்பதை ஆதியோடந்தமாகச் சொன்னேன். "அப்படியா? நல்லது, நல்லது" என்று தலையாட்டினார். முடிவைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கிருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

அதே வேகத்தில் அடுத்ததையும் சொன்னேன். "உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல மாமா. அது அப்படியேதான் இருக்கு. நான்தான் மிஷினைக் கொறைச்சு வெச்சிருக்கேன்" என்றேன், சிரித்த முகத்தோடு. "சரி மாப்ளே, சரி" என்றார். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. செய்த தப்பைச் சம்பந்தப்பட்டவரிடமே நேரில் ஒப்புக்கொள்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? பிறகு வாராவாரம் ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புள்ளை பொறந்தா அது அழுறது எனக்குக் கேட்குமா மாப்ளே?" என்றார். கேட்காதவர்கள் பேசுவது போல உரக்கத்தான் கேட்டார். மனைவி காதில் விழுந்துவிடுமோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து, "பார்ப்போம் மாமா" என்றேன். முடிவை முன்கூட்டியே சொல்வது என் வழக்கமில்லை.

அதற்குப் பிறகுதான் நான் கருவிக் கம்பெனியின் பயிற்சிக்கு வெளியூர் போனதும், மகளுக்கும் தெரியாமல் அவர் தனியாக பஸ் ஏறி உங்களைத் தேடி வந்ததும். பேரப்பிள்ளையின் குரல் கேட்குமா என்று அங்கேயும் கேட்டிருப்பார். காது நன்றாகத்தான் இருக்கிறது, கருவியைத்தான் யாரோ குறைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது, "கை தவறியிருக்கும்மா. மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி" என்றாராம். நீங்கள் இதைச் சொன்னபோதுதான் நான் எழுந்து டீ போடப் போனேன். அந்த மனுஷரை என்னைப் போலப் புரிந்துகொண்டவர்கள் கிடையாது.

நான் ஊரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டேன். வழக்கம்போல ஒப்புக்கொண்டேன். அன்றைக்குக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொன்னேன். நீதிபதி விஷயத்தை அவர் உடைத்த அந்தச் சாயங்காலத்திலிருந்து, சத்தம் புகாத அறையில் அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது வரைக்கும். எப்போதும்போலத் தலையாட்டினார். "சரி மாப்ளே" என்று எப்போதையும்விடக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். பிறகு சுத்தம் செய்யக் கருவியைக் கழற்றிக் கணினியில் இணைத்தேன். எல்லா அளவுகளும் பழைய இடத்துக்கு ஏறியிருந்தன. உங்கள் கைவேலை சுத்தமாக இருந்தது, மேடம்.

அப்படியென்றால் நான் சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கும் எனக்கும் நடுவில் நாலைந்து அடிதான், ஆனால் எழுந்து ஓடினால் எங்கே போவதென்று தோன்றவில்லை. கருவியைத் துடைத்து அப்படியே அவர் காதில் மாட்டிவிட்டேன். "தேங்க்ஸ் மாப்ளே" என்றார், காது கேட்காத பழைய உரத்த குரலில்.

மறுநாள்தான் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். "கை தவறல. இருந்தாலும் என் பொண்ணுக்கு இது தெரிய வேண்டாம்மா. நாள் நெருங்குது. தெரிஞ்சா அவ இவரோட இருக்க மாட்டா. எனக்கப்புறம் அவளுக்கு யார் இருக்கா?" என்று கெஞ்சினார் என்றீர்கள். நீங்களும் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். மனசு கேட்காமல் என்னிடம் ஏன் என்று கேட்க மட்டும் வந்திருக்கிறீர்கள். வந்தது நல்லதுதான். இதுவரை நான் இதையெல்லாம் சொன்னது அவர் ஒருவரிடம்தான்.

நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும். ஒரு விஷயம் தெரிந்தால் வாயை மூட முடியாத மனுஷர், இப்போது எத்தனை பெரிய விஷயத்தை மூச்சுவிடாமல் வைத்திருக்கிறார் பாருங்கள். திடீரென்று காது கேட்டால் எப்படி என்று மகள் கேட்பாளே; அதனால் அவள் காதருகே வந்து கத்தினாலும் முதல் தடவை திரும்புவதில்லை. இரண்டாம் தடவை கத்தினால்தான் "என்னம்மா?" என்கிறார். நடிகர்கள் கெட்டார்கள் போங்கள். இரண்டாம் பாகம் தொடங்கியதிலிருந்து சாயங்காலம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார். ஒரு குறிப்பு இல்லை, ஒரு உச்சுக் கொட்டல் இல்லை. இப்படி ஒரு துணைக்காகத்தான் நான் இத்தனை நாளும் ஏங்கினேன்.

நேற்று விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, புள்ளை உதைக்குது, கை வெச்சுப் பாருங்க" என்றாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா" என்று அவள் மறுபடி கத்தினாள், கத்தும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகுதான் திரும்பி, ஒன்றும் புரியாதவர் மாதிரி விழித்தார். அவளே அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். அவள் உள்ளே போன பிறகு பார்த்தால் மனுஷருக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. விளம்பரம் முடிந்து வரப்போவது அழவைக்கிற காட்சி. காலையிலேயே ஆப்பில் பார்த்துவிட்டு, அதை நினைத்து முன்கூட்டியே அழுகிறார். அப்படியேதான் வந்தது, நீதிபதியின் கடைசி மகன் செத்துப்போனான். எனக்கு அந்தக் காட்சியே வீணாகிவிட்டது. நான் கோபப்படவில்லை, மேடம், அவர் வேண்டுமென்றே செய்வாரா? வருகிற ஞாயிற்றுக்கிழமை லேசாக ஒரு படி இறக்கினால் போதும். குழந்தை பிறப்பதற்குள் பழையபடி ஏற்றிவிடுவேன்.